அக்கா வருவதற்குள் ஓர் ஆபரா

அக்கா வர இன்னும் ஒன்பது நாள். போர்வைகளைத் துவைத்தாயிற்று. சோஃபாவை விரித்துப் படுத்தும் பார்த்தாயிற்று. ஒரு கம்பி மட்டும் இடுப்பில் குத்துகிறது. அவளை எங்கெல்லாம் கூட்டிப்போவது என்று எழுதிவைத்த பட்டியலில் முதலில் இருப்பது ஆபரா, அதாவது கதையைப் பாடியே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகம். "பெரிய பெரிய கவுன் போட்டுக்கிட்டுப் பாடுவாங்களே, அதைப் பார்க்கணும்டி" என்று இங்கே வர டிக்கெட் எடுத்த அன்றே சொல்லிவிட்டாள். சரி, முதலில் நாம் போய் ஒரு நோட்டம் விட்டு வருவோம் என்று போன சனிக்கிழமை தனியாகக் கிளம்பினேன்.

இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'லா திராவியாத்தா'. காதலனின் குடும்பத்துக்காக அவனை விட்டுக்கொடுத்துவிட்டு, காசநோயில் சாகிற வியோலெட்டாவின் கதை.

காசைப் பார்த்து வாங்கிய இருக்கை. மாடத்தில் கடைசி வரிசை, நேர் முன்னால் ஒரு தூண். இடப்பக்கம் சாய்ந்தால் வியோலெட்டா, வலப்பக்கம் சாய்ந்தால் காதலன். அவர்கள் சேர்ந்து பாடும்போதும் இருவரையும் ஒன்றாகப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. பாட்டு முழுக்க இத்தாலிய மொழி. மேடைக்கு மேலே ஒரு பலகையில் மொழிபெயர்ப்பு ஓடும். அதையும் மேல்மாடத்தின் அடிப்பகுதி மறைத்துவிட்டது. இரண்டு வரியில் கீழ்வரி மட்டும்தான் தெரிந்தது. யாரோ யாரையோ மன்னிக்கிறார்கள், அவ்வளவுதான் புரிந்தது.

அட, கவுனாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. வெள்ளைச் சுவர், ஒற்றை சோஃபா, சாம்பல் நிறக் கோட்டு போட்ட கூட்டம். விருந்துக் காட்சியாம். எனக்கு எங்கள் ஆபீஸ் மீட்டிங்தான் நினைவுக்கு வந்தது.

குரலை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மைக் கிடையாது. அத்தனை வாத்தியங்களையும் தாண்டிக் கடைசி வரிசைக்கு வந்து சேர்ந்தது. மூன்றாம் அங்கத்தில் வியோலெட்டா ஒரு கடிதத்தைப் பாடாமல், வெறுமனே வாசிப்பாள். பின்னால் வயலின் மெல்ல ஒலிக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சரியாக அப்போது என் கைப்பைக்குள் போன் உறுமியது. பக்கத்து இருக்கைக்காரர் பார்த்த பார்வையில் நான்தான் முதலில் செத்தேன். வெளியே வந்து பார்த்தால் அக்கா: "பெட்டியில் மூணு கிலோ இடம் இருக்கு. என்ன வேணும்?"

கடுப்போடு வீட்டுக்கு வந்து இந்த ஆபராவைப் பற்றிப் படித்தேன். 1853 மார்ச் 6-ல் வெனிஸ் நகரின் லா ஃபெனிசே அரங்கில் முதல் மேடையேற்றமே தோல்வியாம். காசநோயாளியாக நடித்தவர் பருமனாக இருந்ததால் கூட்டம் சிரித்திருக்கிறது. அதைவிட, வெர்டி தன் காலத்து உடையிலேயே மேடையேற்றத்தான் ஆசைப்பட்டார். அதிகாரிகள் அதை அனுமதிக்காமல், கதையை 1700 வாக்கில் நடப்பதாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். அப்படியானால் அந்தக் கோட்டுக்காரர்களை நான் திட்டியதில் பாதியைத் திரும்பப் பெற வேண்டும். தூணைத் திட்டியது அப்படியே இருக்கட்டும்.

எல்லாவற்றையும் அக்காவிடம் போனில் கொட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "தூண் இல்லாத இடமா ரெண்டு எடு. கவுன் இல்லன்னா என்ன, நான் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு வரேன்" என்றாள்.

இருக்கை வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தூண் எங்கே நிற்கிறது என்று அதில் ஓரிடத்திலும் போடவில்லை.