பச்சையாகவே இருந்த டெஸ்ட்

ப்ரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளத் திறந்தே வைக்கும் இணைப்புதான் வெப்சாக்கெட். மூன்று மாதமாக எங்கள் வெப்சாக்கெட் டெஸ்ட் ஒருநாள்கூடத் தோற்றதில்லை, எப்போதும் பச்சைதான். அதே மூன்று மாதமும் நாலைந்து நாளைக்கு ஒருமுறை சர்வர் புது இணைப்பு எதையும் ஏற்காமல் முரண்டு பிடிக்கும். சர்வரின் பதிவேடான லாகைத் திறந்தால் ஒரே புலம்பல்: திறந்திருக்கும் கோப்புகள் அளவு மீறிவிட்டன. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். நாங்களும் செய்துகொண்டே இருந்தோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

லினக்ஸில் ஒவ்வொரு சாக்கெட்டும், அதாவது இணைப்பின் நம் பக்க முனையும், ஒரு கோப்பு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஒரு ப்ராசஸுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்கு, வழக்கமான வரம்பு 1024. அதைக் கூட்டிவிடலாம் என்றார் உடன் வேலை பார்ப்பவர். கூட்டியிருந்தால் நாலு நாள் நாற்பது நாளாகியிருக்கும், அவ்வளவுதான்.

ஒருமுறை சர்வர் திணறிக்கொண்டிருந்தபோது, ரீஸ்டார்ட்டுக்குப் போன கையை நிறுத்தி இணைப்புகளின் நிலையைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். திரை முழுக்க க்ளோஸ்-வெயிட். இதையும் டைம்-வெயிட்டையும் அதுவரை நான் குழப்பிக்கொண்டுதான் இருந்தேன். டைம்-வெயிட் நல்ல பிள்ளை; முதலில் மூடிய பக்கத்தில் தங்கி, லினக்ஸில் 60 விநாடியில் தானே போய்விடும். க்ளோஸ்-வெயிட் என்றால் மறுமுனை 'என் பக்கம் முடிந்தது' என்னும் ஃபின் சமிக்ஞையை அனுப்பிவிட்டது, இயங்குதளத்தின் மையமான கெர்னலும் வாங்கிக்கொண்டது, நம் நிரல்தான் இன்னும் க்ளோஸை அழைக்கவில்லை. அதற்குக் காலக்கெடு கிடையாது. நெட்வொர்க் மேல் பழி போட வழியே இல்லை.

அப்புறம்தான் டெஸ்ட்டை ஒழுங்காகப் படித்தேன். க்ளையண்ட் இணைகிறது, இயல்பான முடிவைச் சொல்லும் 1000 என்ற குறியோடு விடைபெறும் செய்தியான க்ளோஸ் ஃப்ரேமை அனுப்புகிறது, சர்வரும் பதிலுக்கு அனுப்புகிறது, க்ளையண்ட் பக்கம் இணைப்பு மூடியதும் ஓடும் ஆன்க்ளோஸ் ஓடுகிறது, பாஸ். சொல்லிக்கொண்டு விடைபெறும் விருந்தாளியை மட்டும் சோதித்திருக்கிறோம்! சாக்கெட்டை மூடும் வரியும் க்ளோஸ் ஃப்ரேமைக் கையாளும் இடத்தில் மட்டுமே இருந்தது. ப்ரவுசர் க்ராஷ் ஆனால் ஃப்ரேம் வராது, வெறும் ஃபின்தான். அப்போது தரவை வாசிக்கும் ரீட் சுழியம் பைட் தரும், இனி எதுவும் வராது என்று அர்த்தம். எங்கள் லூப் அதைப் பார்த்து மரியாதையாக வெளியேறிவிடும். சாக்கெட் இணைப்புப் பட்டியலில் அப்படியே கிடக்கும்.

திருத்தம் ஒரே வரி: சாக்கெட்டை மூடுவது, லூப் எப்படி முடிந்தாலும் ஓடும் ஃபைனலி ப்ளாக்கில். டெஸ்ட்தான் இரண்டு நாளைத் தின்றது.

ஐம்பது இணைப்புகளைத் திறந்து, க்ளோஸ் ஃப்ரேம் இல்லாமல் அறுத்துவிட்டு, சர்வர் ப்ராசஸின் கோப்பு எண்ணிக்கை பழைய நிலைக்கு வருகிறதா என்று பார்ப்பதுதான் யோசனை. எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் இரண்டு கூடுதலாகவே நின்றது. கசிவு இல்லை, முதல் இணைப்பு வரும்போதுதான் லாக் கோப்பும் டேட்டாபேஸ் இணைப்பும் திறக்கின்றன. அதனால் ஒரு ஒத்திகை இணைப்பை முதலில் விட்டுவிட்டுத்தான் இப்போது எண்ண ஆரம்பிக்கிறோம். அறுத்ததும் அரை விநாடி காத்திருக்க ஸ்லீப் போட்டிருந்தேன்; என் கணினியில் ஓடியது, எல்லோருக்குமாக டெஸ்ட்டுகளை ஓட்டும் பில்ட் சர்வரில் அவ்வப்போது கவிழ்ந்தது. இப்போது 50 மில்லிவிநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறது, இரண்டு விநாடிக்குள் எண்ணிக்கை இறங்காவிட்டால் தோல்வி.

இதற்கிடையே, சர்வரிலிருந்து 1006 என்ற மூடல் குறியை அனுப்பி ஒரு டெஸ்ட் எழுத முயன்ற கூத்தும் நடந்தது. அந்த எண் கம்பி வழியே போகவே கூடாது என்கிறது வெப்சாக்கெட்டின் விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 6455. முறையாக விடைபெறாமல் அறுந்த இணைப்புக்கு ப்ரவுசர் தன் பக்கமே வைத்துக்கொள்ளும் பெயர் அது.

ஃபின்கூட வராத நிலை பாக்கி இருந்தது. வைஃபை செத்துவிட்டால் சர்வருக்கு யார் சொல்வது? மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று தட்டிக் கேட்கும் டிசிபி கீப்-அலைவை இயக்கினாலும் லினக்ஸ் 7200 விநாடி சும்மா இருந்துவிட்டுத்தான் முதல் தட்டு தட்டும். எனவே நாமே பிங் அனுப்பி, பதிலாகப் பாங் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் சோதிக்க க்ளையண்ட் ப்ராசஸை கில் மைனஸ் ஒன்பதால் கொன்றேன். டெஸ்ட் உடனே பாஸ், எனக்கோ சந்தேகம். ப்ராசஸ் செத்தாலும் கெர்னல் சாகவில்லையே, அதுவே ஃபின் அனுப்பிவிடுகிறது! கொல்லாமல் ஸ்டாப் சிக்னல் கொடுத்து உறைய வைத்தேன். இணைப்பு உயிரோடு இருக்கும், பாங் மட்டும் வராது. இரண்டு பாங் தவறியதும் சர்வர் இணைப்பை அறுத்தது, எண்ணிக்கையும் இறங்கியது.

உறைந்த க்ளையண்டை மறுபடி ஓடவிட்டால் அது மீண்டும் இணைந்து, அதே பயனர் திரையில் இரண்டு தடவை தெரிகிறார். அந்த டெஸ்ட் இன்னும் சிவப்பில்தான் இருக்கிறது.