அந்த நீளமான வெடிப்பு

"இந்த நீளமான வெடிப்பும் நீங்க வச்சதுதானா?" என்று வாங்க வந்தவர் கேட்டார். "ஆமா" என்றேன். நான்கு மாதம் ஆகிறது, அந்த ஒரு சொல் இன்னும் என்னைத் தூங்க விடவில்லை.

முழுப் பொய் என்று சொல்ல மனம் வரவில்லை. அந்த ஜாடியே வெடிப்பைப் பற்றியதுதான். கோடையில் ஊசுட்டேரியின் கரையோரம் காய்ந்து பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும் சேற்றைப் பார்த்துச் செய்தது. சக்கரம் கிடையாது, மண்ணைத் திரியாக உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, இரண்டடி உயரம் எழுப்பினேன். பிறகு மேல்தோலை மட்டும் டார்ச் நெருப்பில் வாட்டி, உள்ளே ஈரமாக இருக்கும்போதே கையை விட்டு மெல்ல வெளிப்பக்கம் தள்ளுவேன். உள்மண் விரியும், காய்ந்த தோலால் விரிய முடியாது, பிளக்கும். அந்தப் பிளவுகள் என்னுடையவை. ஆழம் தோலோடு நின்றுவிடும். மேலே பூசும் கண்ணாடிப் பூச்சான கிளேஸ் சூளையில் உருகி ஓடியதும் அவற்றின் ஓரம் மழுங்கிவிடும்.

நீளமான வெடிப்பு அப்படி வந்ததல்ல. கழுத்திலிருந்து இடுப்பு வரை, சுவரின் மறுபக்கம் தெரிய ஓடியது. ஓரம் கத்தி போலிருந்தது. கிளேஸ் உருகும் முன்பே பிளந்திருந்தால் ஓரம் உருண்டிருக்கும். கூர்மையாக இருந்தால் ஆறும்போது வெடித்தது என்று அர்த்தம். ஆறும்போது ஏன் வெடித்தது என்பதும் எனக்குத் தெரியும்.

1280 டிகிரி வரை சவுக்குக் கட்டை போட்டு எரித்த சூளை. வாங்குபவர் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். சூளையின் சூட்டை அளக்கும் பைரோமீட்டர் 240 காட்டியது. சூளை வேலைக்கு என்னோடு இருக்கும் ஐயா, வில்லியனூர்ப் பக்கம் குயவர் குடும்பத்தில் பிறந்தவர், "இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும்மா" என்றார். நான் கதவிலிருந்து மூன்று செங்கல்லை உருவினேன். சுட்ட மண்ணுக்குள் இருக்கும் சிலிக்கா ஆறும் வழியில் 573 டிகிரியில் ஒரு முறை சட்டென்று சுருங்கும். இவ்வளவு சூட்டில் வெந்த மண் என்றால், 220-ஐ ஒட்டி இன்னொரு முறையும் சுருங்கலாம். குளிர்காற்று பட்ட பக்கம் முந்திக்கொண்டு சுருங்கினால் மற்றப் பக்கம் விட்டுக்கொடுக்காது. உள்ளே 'டிங்' என்று ஒரு சத்தம். எனக்குக் கேட்டது. ஐயாவுக்கும் கேட்டிருக்கும்.

ஆனாலும் சொல்கிறேன், அந்த ஜாடியில் மிக அழகானது அந்த வெடிப்புதான். என் கை போட்ட பிளவுகளில் ஓர் அளவு இருந்தது, இடைவெளி ஒன்றுபோல் இருந்தது. ஏரி அப்படிப் பிளப்பதில்லை. ஏரியில் வெடிப்பை வைப்பது வெயிலும் காற்றும். என் ஜாடியிலும் அதை வைத்தது சூடும் காற்றும்தானே? ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு இந்த ஊரில் ஸ்டோன்வேர் என்னும் உயர்சூட்டு மண்பாண்டம் பழகியவர்கள் எத்தனையோ பேர். பானையில் சூளைக்கும் பங்கு உண்டு என்று எங்களில் யாரும் ஒப்புக்கொள்வோம். விறகுச் சாம்பல் பறந்து விழுந்து உருகிப் பச்சையாக வழிந்தால், அதன் அடியில் கூசாமல் எங்கள் பெயரைக் கீறி வைக்கிறோம். சாம்பல் என்னுடையதென்றால் வெடிப்பும் என்னுடையதுதான்.

இப்படி நினைத்து ஒரு வாரம் நிம்மதியாக இருப்பேன். பிறகு சாம்பலால் பானை பலவீனமாவதில்லை என்பது நினைவுக்கு வரும். சுவர் கடந்த வெடிப்பு நின்ற இடத்தில் நிற்காது. அவர் வீட்டு மூலையில் ஒரு நாள் அது இடுப்பைத் தாண்டி இறங்கக்கூடும். "இது சூளை வச்சது, நான் அவசரப்பட்டதால வந்தது" என்று சொல்லியிருந்தாலும் அவர் வாங்கியிருப்பார் என்றே நினைக்கிறேன். அப்படி நினைப்பதால்தான் சொல்லாமல் விட்டது இன்னும் உறுத்துகிறது. பன்னிரண்டாயிரம் ரூபாய்க்காகச் சொன்னேனா, கைத்திறன் குறைந்தவள் என்று அவர் எண்ணிவிடக் கூடாது என்று சொன்னேனா என்றுகூட எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அவர் கேட்டபோது ஐயா பக்கத்தில்தான் இருந்தார். ஜாடியை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் வைக்கும் முன் அந்த வெடிப்பின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. மாலையில் டீ குடிக்கும்போது மட்டும், "அந்த சார் சுண்டிப் பாக்கலம்மா" என்றார்.

என் அம்மா சந்தையில் சுண்டிப் பார்க்காமல் ஒரு சட்டிகூட வாங்கியதில்லை. கணீரென்று கேட்டால்தான் கூடையில் வைப்பாள். ஐயா வீட்டில் சத்தம் மந்தமாக வந்த பானையை இடித்துப் பொடியாக்கி மறுபடி மண்ணில் கலந்துவிடுவார்களாம். வாங்கியவருக்காக வருத்தப்பட்டாரா, என்னைச் சொன்னாரா, நான் தப்பித்துவிட்டேன் என்றாரா? அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

போன மாதம் ஜாடியை வாங்கியவரே போன் செய்தார். ஜோடியாக இன்னொன்று வேண்டுமாம். "அதே நீளமான வெடிப்போட" என்றார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. "பார்க்கிறேன்" என்றேன்.

இரண்டாவது ஜாடி இப்போது சூளைக்குள் இருக்கிறது. பைரோமீட்டர் 250-க்கு இறங்கிவிட்டது. ஐயா கதவுக்கு எதிரே கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். இந்த முறை அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் செங்கல்லில் இன்னும் கை வைக்கவில்லை.