கொய்யாக் காட்டில் ஒரு டப்பா வேட்டை

மொரீஷியஸ் மலைக்காட்டில் மறைத்து வைத்த ஒரு டப்பாவுக்கு வழி சொல்லும்போது "கொய்யாப் புதரில் இடது பக்கம் திரும்பு" என்று எழுதுகிறவரை என்ன சொல்வது? அங்கே எங்கே பார்த்தாலும் கொய்யாதான். வெளியிலிருந்து வந்து நாட்டு மரங்களை நெருக்கித் தள்ளிவிட்டுக் காடு முழுக்கப் பரவிய சீனக் கொய்யா. மே மாதம், பழம் சிவந்து தொங்கும் நேரம் வேறு. அந்தக் குறிப்புக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு தூறலில் நின்ற கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் தீவில் இதைவிட நல்ல நாள் எனக்கு அமையவில்லை. அதிகம் செலவில்லாமல் கிடைத்த நாள், டாக்சிக்காரரைக் கழித்துவிட்டுப் பார்த்தால்.

விஷயம் இதுதான். ரோஸ் ஹில்லில் இருக்கும் அத்தானின் நண்பர் இங்கிலாந்தில் பிளிமத்தில் படித்தவர். பக்கத்தில்தான் டார்ட்மூர் என்ற பரந்த மேட்டு நிலம். அங்கே 1854-ல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி கிரான்மியர் பூல் என்ற ஒதுக்குப்புறமான இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வருகிறவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டைப் போட்டுவிட்டுப் போகலாம். பிறகு கடிதமும் போடத் தொடங்கினார்கள். அடுத்து வருகிறவர் அதை எடுத்துப்போய்த் தபாலில் சேர்க்க வேண்டும். அதனால்தான் இந்த விளையாட்டுக்கு லெட்டர்பாக்ஸிங் என்று பெயர். இப்போது டப்பாவுக்குள் ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு நோட்டும் இருக்கும். அவர்கள் முத்திரையை நம் நோட்டில் குத்திக்கொண்டு, நம் முத்திரையை அவர்கள் நோட்டில் குத்திவிட்டு, டப்பாவை இருந்தபடியே மறைத்துவிட்டு வர வேண்டும். இந்தத் தீவில் இருக்கும் ஒரு டப்பாவுக்கு எங்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தவர் அந்த நண்பர்தான். ஜிபிஎஸ் வைத்துத் தேடும் ஜியோகேச்சிங் 2000-த்தில் வந்தது. அதில் எனக்கு ஆர்வமில்லை. போன் சொல்லும் இடத்துக்குப் போய் நிற்பதில் என்ன இருக்கிறது?

அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. அழிரப்பரில் பிளேடால் ஒரு வேல் செதுக்கி வைத்திருந்தான். முத்திரை இடவலம் மாறித்தான் விழும், வேல் என்றால் மாறினாலும் ஒரே மாதிரி இருக்கும் என்பது அவன் கணக்கு. கெட்டிக்காரன்.

காலையில் ரோஸ் ஹில்லில் டால் பூரி. ஜோடியாகத்தான் தருவார்கள். பருப்பை அரைத்து உள்ளே வைத்த மெல்லிய பூரி, மேலே மொச்சைக் கறி, ரூகாய் என்ற தக்காளித் தொக்கு, பச்சை மிளகாய்ச் சட்னி, காகிதத்தில் சுருட்டிக் கையில். நின்றுகொண்டே மூன்று ஜோடி தின்றேன். இந்தத் தீவில் விலையைப் பார்த்து நெஞ்சு அடைக்காத ஒரே சாப்பாடு இது.

மெட்ரோவில் கியூர்பீப் வரை சுகமாகப் போனோம். அங்கிருந்து காட்டுக்குள் நுழையும் இடமான பெத்ரின் போக டாக்சி. ஏறும்போது 600 ரூபாய். இறங்கும்போது 1000. ஏன் என்று கேட்டால் "மேடு". மேடு ஏறும்போதே தெரியாதா? மீட்டரும் இல்லை. பிறகு 800-க்கு முடிந்தது. மொரீஷியஸ் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பதைப் பார்த்து முதல் நாள் பூரித்துப்போனேன். அந்த நோட்டுகளை எண்ணி அவர் கையில் வைத்தபோது பூரிப்பு வரவில்லை.

பெத்ரினில் யாரும் எங்களிடம் டிக்கெட் கேட்கவில்லை. மக்காபே பாதை அகலமானது, பெரிய ஏற்றம் இல்லை. குறிப்பு தமிழில்: "காவலுக்குள் இருக்கும் காடு முடிந்ததும் கொய்யாவில் இடது பக்கம். இரட்டைத் தண்டு மரத்தில் முதுகைச் சாய்த்து, காம்பஸில் 220 டிகிரி பார்த்து 30 தப்படி. மூன்று கல்லில் நடுக்கல்."

காவல் என்றால் வனக்காவலர் அறை என்று நான் தேட, பையன்தான் நின்றான்.

"மாமா, இந்த வேலியைப் பாருங்க. உள்ளே கொய்யாவே இல்லை."

உண்மைதான். மானும் பன்றியும் நுழையாமல் வேலி போட்டு, கொய்யாவைப் பிடுங்கி, நாட்டு மரங்களை மட்டும் வளர விட்டிருக்கிறார்கள். டச்சுக்காரர் காலத்திலிருந்து வெட்டியது போக மிஞ்சிய கருங்காலி வகை இப்படிப்பட்ட துண்டுகளில்தான் பிழைத்திருக்கிறது. வேலி முடிகிற இடத்தில் கொய்யா சுவர்போல ஆரம்பிக்கிறது. சரி, அழகான குறிப்புதான். வேலி என்றே எழுதியிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்!

அடுத்த சண்டை தப்படி. யாருடைய தப்படி? என் முப்பது ஒரு பாறைக்குப் போனது, அவன் முப்பது ஒரு பள்ளத்துக்கு. இரண்டுக்கும் நடுவில் பாசி பிடித்த மூன்று கல். நடுக்கல்லைத் தூக்கியதும் அவன் போட்ட கூச்சலில் மேலே குரங்குகள் கிளை கிளையாக ஓடின.

சாப்பாட்டு டப்பா, இரண்டு பிளாஸ்டிக் உறை, ஓரம் நனைந்த நோட்டு. முத்திரையில் இளஞ்சிவப்புப் புறா. 1990-களின் தொடக்கத்தில் காட்டில் பத்துப் பறவையளவுக்குச் சுருங்கி, காப்பாற்றப்பட்டு இன்று நூற்றுக்கணக்கில் பெருகிய அதே புறா. நிஜப் புறா ஒன்றும் கண்ணில் படவில்லை, இது பட்டது. மை அட்டை காய்ந்து கிடந்தது. எங்களுடையதால் குத்தினோம். பிரெஞ்சுக் கையெழுத்துகளுக்குக் கீழே எங்கள் வேல் கொஞ்சம் சாய்வாக விழுந்தது. பையன் நாலு முறை திறந்து திறந்து பார்த்தான்.

திரும்பும்போது கொய்யா பறிக்க வந்த ஒரு குடும்பம் கியூர்பீப் வரை வண்டியில் ஏற்றிக்கொண்டது, காசு வாங்க மாட்டோம் என்றது. இதையும் எழுத வேண்டும், டாக்சியை மட்டும் எழுதினால் நியாயமில்லை.

போகிறவர்கள் காம்பஸ், மை அட்டை, மழைச்சட்டை கொண்டுபோங்கள். மேலே குளிரும். இரவு நண்பருக்குப் போன் போட்டுக் கொய்யா வழக்கை வைத்தேன். சிரித்துவிட்டு, 812 மீட்டர் லெ பூஸ் மலையில் இன்னொரு டப்பா இருக்கிறது என்றார். நான் முதலில் கேட்டது, அடிவாரத்துக்குப் பேருந்து உண்டா என்று. செயின்ட் பியர் வரை உண்டாம், அப்புறம் நடை. அடுத்த ஞாயிறு போகிறோம்.