பத்து வருட லாபத்தை வைத்து ஒரு பங்கை எடைபோடுவது

இரும்பு, சிமென்ட், கப்பல், ரசாயனம், மெமரி சிப் போன்ற தொழில்களில் பி.இ. விகிதம், அதாவது பங்கு விலையைப் பங்கொன்றின் ஒரு வருட லாபத்தால் வகுத்த எண், தலைகீழாகப் பேசும். சரக்கு விலை உச்சத்தில் இருக்கும்போது லாபம் கொழிக்கும், பி.இ. 6, 7 என்று இறங்கி, பங்கு மலிவாகக் கிடைப்பதுபோல் தெரியும். சரக்கு விலை சரிந்து லாபம் வற்றியதும் அதே பங்கின் பி.இ. 60ஐத் தொடும், அல்லது நஷ்டம் வந்து கணக்கே போட முடியாமல் போகும். விலையை வகுக்கும் எண் ஒரே ஒரு வருடத்தின் லாபம் என்பதால் வரும் கோளாறு இது.

அந்த ஒரு வருடத்துக்குப் பதிலாகப் பத்து வருட லாபத்தை எடுத்து, ஒவ்வொன்றையும் இன்றைய பண மதிப்புக்கு மாற்றி, சராசரி கண்டு, அதால் விலையை வகுத்தால் கிடைப்பது கேப் விகிதம். ஷில்லர் பி.இ. என்றும் பி.இ.10 என்றும் சொல்வதுண்டு. முதலீட்டு நூலாசிரியர்கள் பெஞ்சமின் கிரகாமும் டேவிட் டாடும் 1934லேயே ஐந்து வருடத்துக்குக் குறையாமல், முடிந்தால் ஏழு அல்லது பத்து வருடச் சராசரியைப் பார்க்கச் சொன்னார்கள். பொருளாதார அறிஞர்கள் ஜான் கேம்பலும் ராபர்ட் ஷில்லரும் 1988இல் பணவீக்கத் திருத்தத்தோடு அதை முழுச் சந்தைக்கும் பொருத்திக் காட்டினார்கள். இன்று செய்திகளில் அடிபடுவது அந்தச் சந்தை எண்தான். கிரகாம் பேசியதோ தனி நிறுவனத்தைப் பற்றி. இந்தப் பதிவும் அதைப் பற்றியே.

முதல் வேலை, பத்து ஆண்டறிக்கைகளைத் திறந்து பங்கொன்றின் லாபத்தை, அதாவது இ.பி.எஸ்.ஸை, எழுதிக்கொள்வது. துணை நிறுவனங்களையும் சேர்த்த கன்சாலிடேட்டட் கணக்கில், டைலூட்டட் (பின்னால் பங்காக மாறக்கூடியவற்றையும் சேர்த்து எண்ணியது) என்று போட்டிருக்கும் எண்ணை எடுங்கள். நஷ்ட வருடத்துக்கு மைனஸ் போட்டு அப்படியே எழுதுங்கள். அடுத்த நெடுவரிசையில் அந்தந்த நிதியாண்டின் சராசரி நுகர்வோர் விலைக் குறியீடு. ஆண்டு முடிவு மாதத்தின் குறியீட்டைப் போடக் கூடாது; லாபம் பன்னிரண்டு மாதமும் பரவலாக வந்தது. நிறுவனத்தின் நிதியாண்டு மார்ச்சில் முடிந்தால் ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான சராசரிதான் வேண்டும், காலண்டர் ஆண்டுச் சராசரி அல்ல. பிறகு ஒவ்வொரு இ.பி.எஸ்.ஸையும் இன்றைய குறியீட்டால் பெருக்கி, அந்த ஆண்டுக் குறியீட்டால் வகுத்தால் முடிந்தது.

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பங்கு விலை 240, இன்றைய குறியீடு 160. வரிசையாக ஆண்டு, இ.பி.எஸ்., குறியீடு, இன்றைய மதிப்பில் இ.பி.எஸ்.:

1: 8 – 100 – 12.80
2: 10 – 105 – 15.24
3: 14 – 110 – 20.36
4: 6 – 116 – 8.28
5: -3 – 122 – -3.93
6: 4 – 128 – 5.00
7: 9 – 134 – 10.75
8: 16 – 141 – 18.16
9: 22 – 148 – 23.78
10: 24 – 155 – 24.77

கடைசி நெடுவரிசையின் கூட்டல் 135.2, சராசரி 13.52. சாதாரண பி.இ. 240 / 24 = 10. பத்து வருட பி.இ. 240 / 13.52 = 17.8. பத்து மடங்குக்குக் கிடைக்கிறதே என்று நினைத்த பங்கை, அதன் நடுவாந்திர லாபத்தில் ஏறக்குறைய பதினெட்டு மடங்கு கொடுத்து வாங்குகிறோம். பணவீக்கத்தைத் திருத்தாமல் வெறும் சராசரி எடுத்திருந்தால் லாபம் 11, விகிதம் 21.8. பழைய லாபங்களைப் பழைய பணத்திலேயே விட்டால் பங்கு இருப்பதைவிட விலை கூடியதாகத் தெரியும். பணவீக்கம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பெரிய பிழை.

விலைக் குறியீட்டின் அடிப்படை ஆண்டை அவ்வப்போது மாற்றுவார்கள். 280இல் இருந்த தொடர் திடீரென்று 105 என்று நிற்கும். பழைய, புதிய தொடர்கள் இரண்டுமே வெளியான ஒரு காலத்தை எடுத்து, பழையதைப் புதியதால் வகுத்தால் இணைப்பு எண் கிடைக்கும். புதிய தொடரை அதால் பெருக்கினால் ஒரே தொடராகிவிடும். மொத்த விலைக் குறியீட்டையோ, நிறுவனம் விற்கும் சரக்கின் விலைக் குறியீட்டையோ இங்கே பயன்படுத்துவதில் அர்த்தமில்லை. லாபத்தைக் கொண்டு பங்குதாரர் வெளியே போய் என்ன வாங்க முடியும் என்பதுதான் கேள்வி.

இந்தக் கணக்கைக் கெடுப்பதில் முதலிடம் பங்குப் பிரிப்புக்கும் போனஸ் பங்குக்கும். மேலே உள்ள நிறுவனம் ஏழாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் (கையிலுள்ள ஒவ்வொரு பங்குக்கும் இன்னொன்று இலவசம்) கொடுத்திருந்தது என்று வையுங்கள். அப்படியானால் முதல் ஆறு ஆண்டறிக்கைகளில் அச்சாகியிருந்த இ.பி.எஸ். 16, 20, 28, 12, -6, 8. பாதியாக்காமல் அப்படியே போட்டால் சராசரி 19.3 ஆகி, விகிதம் 12.4க்கு இறங்கிவிடும். 17.8 எங்கே, 12.4 எங்கே! பணவீக்கத் திருத்தத்தை மறப்பதைவிட இது பெரிய சேதம். பத்து வருடச் சுருக்க அட்டவணையை நிறுவனமே அச்சிட்டிருந்தாலும், பழைய எண்கள் திருத்தப்பட்டவையா என்று அடிக்குறிப்பைப் பார்த்துவிடுங்கள். சந்தை விலையைவிட மிகக் குறைந்த விலையில், இருக்கும் பங்குதாரர்களுக்கே புதுப் பங்கு விற்கும் ரைட்ஸ் வெளியீட்டிலும் ஒரு பகுதி போனஸ் ஒளிந்திருக்கிறது. அதற்கும் திருத்தம் வேண்டும்.

பங்கு எண்ணிக்கை உண்மையிலேயே மாறினால், அதாவது புதுப் பங்கு விற்றுப் பணம் திரட்டினாலோ தன் பங்கைத் தானே திரும்ப வாங்கி பைபேக் செய்தாலோ, அந்தந்த வருட இ.பி.எஸ்.ஸையே வைத்துக்கொள்ளுங்கள். பழைய மொத்த லாபத்தை இன்றைய பங்கு எண்ணிக்கையால் வகுப்பவர்கள் உண்டு. இன்னொரு நிறுவனத்தை வாங்கப் பங்கு எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிய இடத்தில் அப்படிச் செய்தால் பழைய லாபம் பாதியாகிவிடும். அந்தப் பங்குகள் கொண்டுவந்த தொழிலின் பழைய லாபம் கணக்கிலேயே வராது.

அடுத்த தொல்லை ஒருமுறைச் செலவுகள். நஷ்ட வருடத்தை 'விதிவிலக்கு' என்று சொல்லி நீக்கிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். நம் உதாரணத்தில் ஐந்தாம் ஆண்டை எடுத்துவிட்டால் சராசரி 15.46, விகிதம் 15.5. எண் அழகாகிறது, ஆனால் சுழற்சியின் அடிப்பாகமே காணாமல் போகிறது. பத்து வருடம் எடுப்பதே நல்லதும் கெட்டதும் சேரட்டும் என்பதற்காகத்தான். எந்த ஒரு வருடத்தின் பாரமும் பத்தில் ஒரு பங்குதான். பெரும்பாலானவற்றை அப்படியே விட்டுவிடலாம். நிலம் விற்ற லாபம், ஒரு பிரிவையே விற்ற லாபம் ஆகியவை சராசரி வருட லாபத்தைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் நான் கழிப்பேன்.

குட்வில் தள்ளுபடி கொஞ்சம் சிக்கலான விஷயம். இன்னொரு நிறுவனத்தை வாங்கும்போது அதன் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகைதான் குட்வில். அமெரிக்காவில் 2001இல் வந்த கணக்கியல் விதிக்குப் பிறகு குட்வில்லை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பது நின்று, மதிப்பு குறைந்ததும் மொத்தமாகத் தள்ளுபடி செய்யும் முறை வந்தது. ஊடக நிறுவனமான ஏஓஎல் டைம் வார்னர் 2002இல் ஏறக்குறைய 9,900 கோடி டாலர் நஷ்டம் காட்டியது இந்த வகைத் தள்ளுபடியால்தான். அப்படி ஒரு வரி இருந்தால் பத்து வருடச் சராசரியே மைனஸில் போய்விடும், விகிதத்துக்குப் பொருளிருக்காது. அதற்காக அதை ஒரேயடியாக அழித்துவிடுவதும் நியாயமில்லை. அந்தப் பணம் உண்மையில் செலவானது, முன்பே செலவானது. அட்டவணையை இரண்டு விதமாகவும் போட்டு, இடைவெளி எவ்வளவு என்று பார்ப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

வரி விகிதம் மாறினாலும் பழைய லாபம் இன்றைய லாபத்தோடு ஒப்பிட முடியாததாகிறது. அமெரிக்க நிறுவன வரி 2018 முதல் 35 சதவீதத்திலிருந்து 21 சதவீதமானது. முழு விகிதத்தில் வரி கட்டிய நிறுவனத்தில், அதற்கு முந்தைய வருடங்களின் வரிக்கு முந்தைய லாபத்தை எடுத்து இன்றைய விகிதத்தில் வரி கழித்துப் பார்த்தால் சராசரி கணிசமாக உயரும்.

வேகமாக வளரும் நிறுவனத்தில் இந்த விகிதம் எப்போதும் 'விலை அதிகம்' என்றே சொல்லும். பணவீக்கம் போக லாபம் ஆண்டுக்கு 2 சதவீதம் வளர்ந்தால் கடைசி வருட லாபம் பத்து வருடச் சராசரியைப்போல் 1.09 மடங்கு, பெரிய வித்தியாசமில்லை. 10 சதவீதம் வளர்ந்தால் ஏறக்குறைய 1.5 மடங்கு, 15 சதவீதம் என்றால் 1.7 மடங்கு. அந்த அளவுக்கு விகிதம் இயல்பாகவே உயர்ந்து நிற்கும். ஆகவே ஒரு மென்பொருள் நிறுவனத்தின் 35ஐயும் ஒரு சிமென்ட் ஆலையின் 18ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. அதே தொழிலில் உள்ளவர்களோடு ஒப்பிடலாம், அல்லது அதே நிறுவனத்தின் பழைய விகிதத்தோடு. பத்து வருடத்துக்கு முந்தைய விகிதம் தெரிய வேண்டுமானால் இருபது வருட இ.பி.எஸ். வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

வளர்ச்சியா, வெறும் சுழற்சியின் மேடா என்று பிரிக்க ஒரு குறுக்குச் சோதனை இருக்கிறது. நம் நிறுவனத்தின் முதல் ஐந்து வருடச் சராசரி 10.5, பின் ஐந்து வருடச் சராசரி 16.5. பார்த்தால் வளர்ச்சிபோல் இருக்கிறது. இப்போது லாப விகிதத்தை, அதாவது விற்பனையில் லாபம் எத்தனை சதவீதம் என்ற மார்ஜினைப் பாருங்கள். கடைசி வருடம் பங்கொன்றுக்கு விற்பனை 200, லாபம் 24, அதாவது 12 சதவீதம். பத்து வருடச் சராசரி லாப விகிதம் 7 சதவீதம் என்று வைத்தால், இன்றைய விற்பனையில் இயல்பான லாபம் 14. இது நம் 13.52க்கு அருகிலேயே இருக்கிறது. அப்படியானால் லாபத்தைத் தூக்கியது விற்பனை அல்ல, மார்ஜின், மார்ஜின் இறங்கக்கூடியது. மாறாக இந்தக் கணக்கு 20 என்று வந்திருந்தால், ஆலை உண்மையிலேயே பெரிதாகியிருக்கிறது, பத்து வருடச் சராசரி அதைக் குறைத்துக் காட்டுகிறது என்று பொருள்.

எதிர்த் திசையில் இருக்கும் பொறி இன்னும் ஆபத்தானது. முதல் ஐந்தைவிடப் பின் ஐந்து வெகுவாகக் குறைந்திருந்தால், விகிதம் மலிவாகத் தெரிவது செத்துக்கொண்டிருக்கும் தொழிலின் பழைய லாபத்தால் இருக்கலாம். 2005இல் கோடாக்கின் பத்து வருட வரிசையைப் போட்டிருந்தால், ஃபிலிம் கொழித்த 90களின் கடைசி வருடங்களும் அதற்குள் இருந்திருக்கும். நிறுவனம் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது. சந்தைக் குறியீட்டில் ஒரு நிறுவனம் விழுந்தால் இன்னொன்று உள்ளே வரும். சராசரிக்குத் திரும்பும் பழக்கம் அதனால் ஓரளவு நிலைக்கிறது. தனி நிறுவனத்துக்கு அப்படித் திரும்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை.

கடன் அதிகமுள்ள நிறுவனத்தில் பங்கு விலையை மட்டும் வைத்து இதைப் போடாதீர்கள். பங்குகளின் சந்தை மதிப்போடு நிகரக் கடனை (கையிருப்புப் பணம் போக மீதிக் கடன்) கூட்டி, வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தின் பத்து வருடச் சராசரியால் வகுக்கலாம். அதோடு, பத்தில் மிக மோசமான வருடத்தின் லாபம் இன்றைய வட்டியைக் கட்டப் போதுமா என்று ஒரு பார்வை. போதாது என்றால் சராசரி எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. சராசரி வருடம் வரும்வரை நிறுவனம் தாங்க வேண்டுமே.

விகிதத்தைத் திருப்பிப் போட்டால் விளைச்சல், அதாவது கொடுத்த விலையில் லாபம் எத்தனை சதவீதம் என்பது. 1 / 17.8 என்பது 5.6 சதவீதம். இது பணவீக்கம் நீக்கிய எண் என்பதால், சாதாரண அரசுப் பத்திரத்தின் வட்டியோடு ஒப்பிடுவது தவறு. பணவீக்கத்தோடு இணைக்கப்பட்ட பத்திரத்தின் வட்டியோடு, அல்லது சாதாரண வட்டியில் எதிர்பார்க்கும் பணவீக்கத்தைக் கழித்து ஒப்பிடவேண்டும்.

எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்று இது சொல்லாது. 1996 டிசம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான எஸ் அண்ட் பி 500இன் கேப் 28ஐ ஒட்டி நின்றபோதே கேம்பலும் ஷில்லரும் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வில், பங்கு விலை மிக அதிகம் என்று எச்சரித்தார்கள். அப்போது 745 அளவில் இருந்த குறியீடு 2000 மார்ச்சில் 1,527ஐத் தொட்டது. 2009 மார்ச்சில் 676க்கு இறங்கியது. எச்சரிக்கை பலித்ததா என்றால் பலித்தது, நடுவில் குறியீடு இரண்டு மடங்கான பிறகு.

ஆண்டுதோறும் புதிய வரி சேர்க்கும்போது ஒரு பழைய வரி வெளியே போகும். நம் உதாரணத்தில் மிகப் பழைய வரி -3.93 ஆக இருந்து, அது வெளியேறி, அதன் இடத்தில் 15 வந்தால், மற்ற எதுவும் மாறாமலே சராசரி 15.4 ஆகி, விகிதம் 17.8இலிருந்து 15.6க்கு இறங்கும். விலையும் தொழிலும் நின்ற இடத்தில் நிற்க, பங்கு 'மலிவாகி' விடுகிறது. விகிதம் சட்டென்று நகர்ந்தால், உள்ளே வந்த வருடத்துக்கு முன் வெளியே போன வருடத்தைப் பாருங்கள்.