ஒரே பாத்தியில் தக்காளியும் சதர்ன்வுட்டும்

லண்டனின் வடமேற்கில், ஹாரோவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பின்புறத்தில் தெற்குப் பார்த்த வேலியை ஒட்டி நான்கு மீட்டர் நீளத்துக்கு ஒரு பாத்தி இருக்கிறது. முழு நாளும் வெயில் விழும் இடம் அது ஒன்றுதான் என்பதால், வெயில் கேட்கும் செடிகளை எல்லாம் அங்கேயே நட்டுவிடுவது என் வழக்கம். தக்காளியும் சதர்ன்வுட்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து சேர்ந்தது அப்படித்தான். வெயிலைத் தவிர வேறு எதிலும் இவ்விரண்டுக்கும் ஒத்துப்போகாது என்பதை, ஒரு செடியைச் சாகக் கொடுத்த பிறகே தெரிந்துகொண்டேன்.

தக்காளியை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சதர்ன்வுட் தமிழ் வீடுகளுக்குப் பழக்கமில்லாத செடி. அதற்குத் தமிழ்ப் பெயரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் அதன் உறவுச் செடி ஒன்றை நாம் நன்கு அறிவோம். கதம்பத்தில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்தும் இதுவும் ஆர்ட்டிமிசியா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. மரிக்கொழுந்து விதைத்துச் சில மாதங்களில் அறுத்துவிடும் ஒருபருவப் பயிர்; சதர்ன்வுட்டோ தென் ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கிலாந்துத் தோட்டங்களில் பல நூற்றாண்டுகளாக இருந்துவரும் புதர், ஒரு மீட்டர் உயரம் வரை வளரும், தண்டு மரமாக முற்றும். இலைகள் சோம்புச் செடியின் இலையைப் போல நூல் நூலாகப் பிரிந்து, சாம்பல் பூத்த பச்சை நிறத்தில் இருக்கும். திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த அம்மா ஒரு கொழுந்தைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்துவிட்டு, "மரிக்கொழுந்துல எலுமிச்சம்பழம் பிழிஞ்ச மாதிரி இருக்குடா" என்றார். அந்த மணத்தை இதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. கூடவே கொஞ்சம் கற்பூர நெடியும் உண்டு என்று மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த ஊரில் தக்காளி வளர்ப்பது குழந்தை வளர்ப்பது போன்ற வேலை. மார்ச் முதல் வாரத்தில் சமையலறைச் சன்னல் திண்டில் விதைக்கிறேன். இருபது டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பு இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடும். அதன் பிறகு மே மாதக் கடைசி வரை நாற்றை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும், ஏனெனில் உறைபனி ஒரே இரவில் தக்காளியைக் கருக்கிவிடும். பனி இல்லாவிட்டாலும் வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது வளராமல் அப்படியே நிற்கும். வெளியே நடுவதற்கு முன் பத்து நாள் பகலில் தொட்டிகளை வெளியே வைத்து, மாலையில் உள்ளே எடுத்துவந்து காற்றுக்குப் பழக்க வேண்டும். அலுவலகத்திலிருந்து வந்ததும் பன்னிரண்டு தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடக்கும் என்னைப் பார்த்து மனைவி சிரிப்பது ஆண்டுதோறும் நடக்கிறது.

நடும்போது தண்டின் அடிப்பகுதியையும் சேர்த்து ஆழமாகப் புதைப்பேன். மண்ணுக்குள் போன தண்டிலிருந்தும் வேர்விடும் பழக்கம் தக்காளிக்கு உண்டு. அப்படி வேர் கூடினால் செடிக்கு வலு கிடைக்கும். பாத்தியில் மக்கிய உரம் தாராளமாக இருக்க வேண்டும். ஒற்றைத் தண்டாக வளர்க்கும் இரகமானால், இலைக்கும் தண்டுக்கும் இடையில் முளைக்கும் பக்கத் தளிர்களை வாரம் ஒருமுறை கிள்ளிவிட வேண்டும்; இல்லாவிட்டால் தழை மட்டும் தழைத்துக் காய் பின்தங்கிவிடும். முதல் கொத்து பிஞ்சு பிடித்ததும் சாம்பல் சத்து மிகுந்த திரவ உரத்தைத் தொடங்கி, அறுவடை முடியும் வரை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். இங்கே வெட்டவெளியில் நான்கு கொத்துக்கு மேல் பழுக்க நாள் போதாது என்பதால், அதற்குமேல் உச்சியைக் கிள்ளிவிடுகிறேன். ஊரில் இப்படிச் செய்தால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தண்ணீர் விஷயத்தில் தக்காளி கொஞ்சமும் மன்னிக்காது. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு வாரம் வெளியூர் போய்த் திரும்பி, காய்ந்து கிடந்த தொட்டிகளில் குடம் குடமாக ஊற்றினேன். அடுத்த இரு வாரங்களில் காய்களின் அடிப்பக்கத்தில் காசு அளவுக்குத் தோல் போன்ற கறுப்பு வட்டங்கள் வந்தன. கிருமியாக இருக்கும் என்று நினைத்து மருந்து தேடினேன்; அது நுனி அழுகல், நீர் சீராக வராததால் சுண்ணாம்புச் சத்து காயின் நுனி வரை போய்ச் சேராமல் வருவது. மருந்துக்கு அங்கே வேலையே இல்லை, நாள் தவறாமல் ஊற்றினால் போதும்.

நாள் தவறாமல் ஊற்றிய அந்தக் கைதான் என் முதல் சதர்ன்வுட்டைக் கொன்றது. தக்காளிக்குப் பக்கத்தில், அதே உரமிட்ட மண்ணில், அதே குழாயில் நனைந்த அந்தச் செடி முதல் கோடையில் மளமளவென்று வளர்ந்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. உண்மையில் அது தண்டு மெலிந்து, மணம் குறைந்து, ஒரு காற்று மழைக்கே நடுவில் பிளந்து சாய்ந்துவிட்டது. ஹாரோ மண் களிமண். குளிர்காலத்தில் தோண்டினால் மண்வெட்டியில் பிசினைப் போல ஒட்டிக்கொள்ளும். பிப்ரவரியில் செடியைப் பிடித்து இழுத்தபோது கறுத்துக் குழைந்த வேர் மொத்தமாகக் கையோடு வந்தது. குளிர் அதைக் கொல்லவில்லை, உறைநிலைக்கு வெகு கீழே போனாலும் தாங்கும் செடி அது. அதைக் கொன்றது வேரைச் சுற்றித் தேங்கிய ஈரம்.

எதிர்வீட்டு முதியவர் தம் வாசல் ஓரத்துப் புதரிலிருந்து ஆகஸ்டில் நான்கு போத்துகள் ஒடித்துக் கொடுத்தார். இந்த நாட்டுக் குளிரில் சதர்ன்வுட் பூப்பது அபூர்வம் என்பதால், விதைக்குக் காத்திராமல் போத்து வைத்துத்தான் பெருக்குகிறார்கள். பாதிக்குப் பாதி மணல் கலந்த மண்ணில் நட்டதில் மூன்று வேர்பிடித்தன. அவற்றில் ஒன்றைப் பாத்தியின் கடைக்கோடியில், சரளைக் கல் கொட்டி மேடாக்கிய இடத்தில் வைத்தேன். வேர் ஊன்றும் வரை மட்டும் தண்ணீர் விட்டதோடு சரி, உரம் ஒரு பிடிகூட இல்லை. மூன்றாவது ஆண்டாக நன்றாக நிற்கிறது. அது கேட்கும் ஒரே வேலை ஏப்ரலில் கவாத்து: அடியில் புது மொட்டுகள் தெரியும் இடத்துக்குச் சற்று மேலே, பழைய கிளைகளைத் துணிந்து வெட்ட வேண்டும். இரக்கப்பட்டு விட்டுவைத்தால் அடிப்பகுதி மொட்டைக் கட்டையாகிவிடும்.

பயன் என்று பார்த்தால், அடுப்பங்கரையில் போட்டியே கிடையாது. ரசம், தொக்கு, சட்னி என்று தக்காளி இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு நாள் நகராது. சதர்ன்வுட் இலை கடுங்கசப்பு. ஜெர்மனியில் கொழுப்பு மிகுந்த இறைச்சி வறுவலில் சிறிதளவு சேர்ப்பார்கள். குடற்புழுவுக்கு ஐரோப்பியர் இதைக் கொடுத்ததுண்டு. ஆனால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்று சொல்லப்படும் மூலிகை இது, அதனால் நான் வாயில் வைப்பதே இல்லை.

அதன் இடம் அலமாரி. பிரெஞ்சுக்காரர்கள் இதற்குத் 'துணிகளின் காவல்' என்று பொருள்படும்படி கார்ட்ரோப் என்று பெயரிட்டிருக்கிறார்கள். கம்பளியையும் பட்டையும் அரிக்கும் அந்துப்பூச்சியை விரட்டக் காய்ந்த கிளைகளைத் துணிகளுக்கு இடையில் வைப்பது வழக்கம். நம் வீடுகளில் வசம்பு வைப்பதைப் போலத்தான். ஏற்கெனவே துணியில் இருக்கும் புழுவை இது கொல்லும் என்று நம்பிவிடக் கூடாது. பட்டுச் சேலைகளை முதலில் உதறி, வெளியே காற்றாட விட்ட பிறகே வைக்கிறோம். அந்துருண்டையின் நெடி இல்லாமல் சேலை உடுத்த முடிகிறது என்பதே மனைவிக்குப் பெரிய ஆறுதல்.

பெயரில் மட்டும் இரண்டுக்கும் ஒரு வேடிக்கையான ஒற்றுமை உண்டு. தக்காளி ஐரோப்பாவுக்கு வந்த புதிதில் அதைக் காதல் ஆப்பிள் என்றார்கள். சதர்ன்வுட்டுக்கு இங்கே நாட்டுப்புறத்தில் 'பையனின் காதல்' என்று பெயர். இளைஞர்கள் தாம் விரும்பும் பெண்ணுக்குக் கொடுக்கும் பூங்கொத்தில் இதையும் செருகுவார்களாம், தாடி முளைக்க இதன் சாம்பலைப் பூசிக்கொள்வார்களாம்.

இந்த ஆண்டு ஆகஸ்டு கடைசியில் வெப்பமும் மழையும் சேர்ந்து வந்ததில், தக்காளி இலைகளில் பழுப்புத் திட்டுகள் தோன்றி நான்கே நாளில் தண்டு வரை இறங்கிவிட்டன. உருளைக்கிழங்கையும் தாக்கும் அதே கருகல் நோய். எட்டுச் செடிகளைப் பிடுங்கி, கறை படாத பச்சைக் காய்களை மட்டும் பொறுக்கித் தொக்கு கிண்டினோம். இரண்டு பாட்டில் தேறியது. மூன்று அடி தள்ளி நின்ற சதர்ன்வுட்டில் ஓர் இலைகூட வாடவில்லை. வெம்பிளியில் இருக்கும் நண்பர் அதில் ஒரு செடி கேட்டிருக்கிறார். அவர் வீட்டு மண்ணும் களிமண்தான் என்பதால், தொட்டியோடு அரை மூட்டை சரளையும் காரில் ஏற்றி வைத்திருக்கிறேன்.