முதுகு தேய்க்க ஒரு பீர்க்கங்கூடு, அதற்கு ஆறு மாதப் பாடு

முதலில் கடையில்தான் வாங்கினேன். கற்றாழை நார் பதித்த, நீளக் கைப்பிடி வைத்த மரப் பிரஷ். குளிப்பதற்கு முன் உலர்ந்த உடம்பில் தேய்க்கிற சாமான் அது. அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை நான் படிக்கவில்லை. தினமும் வாளியில் முக்கித் தேய்த்துவிட்டு, நார் மேலே பார்த்தபடி குளியலறை அலமாரியில் வைத்தேன். தண்ணீர் முழுக்க நாரின் வேர் வழியாக மரத்துக்குள் இறங்கிவிட்டது. மூன்றாவது வாரம் நார் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, கட்டையில் விரிசல், கறுப்புப் புள்ளிகள். கடைக்குக் கொண்டுபோனால், "தண்ணி படக் கூடாதுன்னு போட்டிருக்கே சார்" என்றார். நியாயம்தான். காசு வாங்கும்போதும் வாயைத் திறந்திருக்கலாம்.

தென்காசிப் பக்கம் இருக்கும் ஆச்சியிடம் போனில் புலம்பினேன். "ஏல, பீர்க்கங்கூடு இருக்கையில பிரஷ் எதுக்கு?" என்று ஒரே போடு. சின்ன வயதில் ஆற்றுக்குக் குளிக்கப் போனால் சோப்பு டப்பாவோடு அந்தக் காய்ந்த பீர்க்கங்காய் நார்க்கூடும் வரும். எனக்குச் சுத்தமாக மறந்து போயிருந்தது.

மார்க்கெட்டில் இரண்டு கிலோ பீர்க்கங்காய் வாங்கி மொட்டைமாடியில் காயப் போட்டேன். சிரிக்காதீர்கள். நாலாம் நாள் சுருங்கி, ஒழுகி, ஈ மொய்த்தது. கூட்டு வைக்க விற்பது பிஞ்சு, அதில் நார் ஏது? கொடியிலேயே முற்றி, அங்கேயே காய வேண்டும்.

சரி என்று ஆடிப்பட்டத்தில் இரண்டு பையில் விதை போட்டேன். ஒன்றில் நாம் சமைக்கிற பீர்க்கு, இன்னொன்றில் வரி இல்லாத நுரைப் பீர்க்கு. முளைத்தது, பந்தல் ஏறியது, காய்த்தது. (முன்னது சாயங்காலம் பூக்கும், பின்னது காலையில். மாடிக்கு இரண்டு வேளையும் போக ஒரு சாக்கு.) ஐந்து காய்களைப் பறிக்காமல் விட்டேன். மஞ்சளாகி, பழுப்பேறத் தொடங்கிய நேரத்தில் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் மாடிக்கே போகவில்லை. போய்ப் பார்த்தால் மூன்று காய் கறுத்து, தொட்டால் விரல் உள்ளே போனது.

"அடைமழைக்குக் கொடியிலயா விட்டே? பழுப்பு ஏறுனதும் காம்போட அறுத்து உள்ள தொங்கவிடணும்லா" என்றாள் ஆச்சி. இதை ஆடியிலேயே சொல்லியிருக்கலாம். சென்னையில் போடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: காயும் நேரமும் மழையும் கட்டாயம் மோதும்.

மிஞ்சிய இரண்டையும், வகைக்கு ஒன்று, சமையலறை ஜன்னலில் கட்டினேன். தை பிறந்து எடுத்துப் பார்த்தால் காகிதம் போலக் கனமில்லை, ஆட்டினால் விதை கலகலத்தது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டேன். நுரைப் பீர்க்கின் தோல் சட்டையைக் கழற்றுவது போல வந்துவிட்டது. மற்றதில் வரி வரியாகத் தோல் ஒட்டிக்கொண்டு நகக்கண் வலித்ததுதான் மிச்சம். நுனியை வெட்டித் தட்டினால் கறுப்பு விதைகள் கொட்டின. குறுக்கே வெட்டியதும் உள்ளே மூன்று ஓட்டை, சுற்றிலும் வலை வலையாக வெள்ளை நார். நான் பண்ணியதிலேயே அழகான பொருள் அதுதான் என்று மனைவியிடம் காட்டினேன். அவள் பாத்திரம் தேய்க்க ஒரு துண்டு கேட்டாள்.

ஆர்வத்தில் ஊறவைக்காமல் தேய்த்து, தோளில் தோல் வழன்று, சோப்பு பட்டதும் எரிந்தது தனிக்கதை. ஐந்து நிமிடம் தண்ணீரில் போட்டால் மிருதுவாகிவிடும். முகத்தில் வேண்டாம், சவரம் செய்த இடத்திலும் வேண்டாம்.

பெரிய அடி அப்புறம்தான். குளித்ததும் அதைக் குழாயிலேயே மாட்டிவைத்தேன். மாசிக் கடைசியில் முதுகில் கடுகு கடுகாகச் சீழ்க் கொப்புளங்கள். வியர்க்குரு என்று பவுடர் போட்டேன், இன்னும் பரவியது. தோல் மருத்துவர் பார்த்த உடனே, "குளிக்கும்போது எதைப் போட்டுத் தேய்க்கிறீங்க?" என்றார். ஈரமாகவே கிடக்கும் பீர்க்கை நாரில் சூடோமோனாஸ் மாதிரியான பாக்டீரியா பெருகும், நாம் உதிர்க்கிற தோல் துணுக்குகளே அதற்குத் தீனி. அமெரிக்காவில் 1994-லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள் என்பதை வீட்டுக்கு வந்து படித்தேன். தடவக் களிம்பு கிடைத்தது, ஆறு மாத உழைப்பு அன்றே குப்பைக்குப் போனது.

நல்லவேளை, அதே கூட்டின் இன்னொரு துண்டு பரணில் உலர்ந்து கிடந்தது. கொப்புளம் முழுக்க ஆறிய பிறகே அதைத் தொட்டேன். இப்போது குளித்ததும் சோப்பு போக அலசி, பிழிந்து, மாடியில் துணி காயப்போடும் கொடியில் போட்டுவிடுகிறேன். குளியலறைக்குள் மாட்டுவதே இல்லை. வாரம் ஒருமுறை தண்ணீரில் கொஞ்சம் பிளீச் கலந்து ஐந்து நிமிடம் ஊறவைத்து நன்றாக அலசுகிறேன். ஆளுக்கொரு துண்டு, மூன்று நான்கு வாரத்தில் அது உரக்குழிக்கு. வாடை வந்தால் அதற்கு முன்பே.

போன வாரம் கொடியில் போட்டிருந்த பீர்க்கை நார்த் துண்டைக் காக்கா கூடு கட்டத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது இரண்டு கிளிப் போடுகிறேன்.