வாசிக்கத் தெரியாதவர்களும் வரலாம்

பெங்களூரு கப்பன் பூங்காவில் சனிக்கிழமை காலைகளில் விரிப்பைப் போட்டு ஆளுக்கொரு புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். 2023 ஜனவரியில் தொடங்கிய கூட்டம் அது. யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கு அதுவும் பிடிக்கும். ஆனால் எங்கள் வாசிப்புக் குழு வேறு மாதிரி: எல்லாருக்கும் ஒரே புத்தகம், அப்புறம் ஓயாத பேச்சு.

ஒன்பது பேர் இருக்கிறோம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். முதல் சுற்றில் ஆளுக்கு 5 நிமிடம், குறுக்கே பேசக் கூடாது. புத்தகத்தை முடிக்காதவர்களும் தாராளமாக வரலாம். முடிவைச் சொல்லாதீர்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

எங்களில் மூன்று பேருக்குத் தமிழ் படிக்க வராது. இங்கேயே பிறந்து, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்தவர்கள். வீட்டில் பேசுவதென்னவோ தமிழ்தான். இவர்களை எப்படி விடுவது? ஆளுக்கொரு அத்தியாயமாகப் பிரித்துக்கொண்டு, சத்தமாகப் படித்து வாட்ஸ்அப்பில் போடத் தொடங்கினோம்.

போன மாதம் சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’. 1966இல் வந்த நாவல். தாமோதர ஆசான் கதை சொல்லும் பகுதியை நாகர்கோவில்காரரான எங்கள் அக்கா படித்தார். நடுவே குக்கர் விசில்கூடக் கேட்கும். நான் இரண்டு முறை படித்த பக்கங்கள்தான். ஆனால் அந்த ஊர்ப் பேச்சின் இழுவையோடு கேட்டபோதுதான் ஆசான் எனக்கு முழுசாகப் பிடிபட்டார்.

ஐ.டி.யில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் தன் முறை வந்ததும், “எங்க தாத்தா திண்ணையில உட்கார்ந்து பேசுற மாதிரியே இருந்துச்சுக்கா” என்று ஆரம்பித்தான். 5 நிமிடம் தாண்டியும் நாங்கள் யாரும் நிறுத்தவில்லை.

கூட்டம் முடிந்த பிறகு தன் பிரதியைக் காட்டினான். முதல் பக்கத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்தின் மேலும் பென்சிலால் கன்னட எழுத்து. “கன்னடத்துல க நாலு இருக்கு. இங்க ஒண்ணுதான். எங்க அழுத்தணும்னு எப்படிக்கா தெரியும்?” என்று கேட்டான். காகம், தங்கம் என்று எழுதிக் காட்டி இரண்டையும் சொல்லச் சொன்னேன். சரியாகச் சொன்னான். “வாய்க்குத் தெரியுதே!” என்று அவனே சிரித்தான்.

அடுத்த புத்தகத்தில் தானும் சத்தமாகப் படிக்க அரைப் பக்கம் கேட்டிருக்கிறான்.